அறுபத்திரண்டாவது சுற்று

2016 ஜூன் 11, சனிக்கிழமை. நியூ ஜெர்சியில் எங்கள் பக்கத்து வீட்டுச் சமையலறையில், ஒரு மடிக்கணினியைச் சுற்றி ஏழு பேர் உட்கார்ந்திருந்தோம். அமெரிக்காவின் உச்சநிலை லீகான மேஜர் லீக் பேஸ்பாலின் அணிகள் பள்ளி, கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் ஆண்டு டிராஃப்டில் அது மூன்றாவது நாள். அக்காலத்தில் முதல் நாளில் மேடையும் தொலைக்காட்சி நேரலையும் இருக்கும். கோட் அணிந்த இளைஞர்கள் மேடையேறி, தங்களைத் தேர்ந்தெடுத்த அணியின் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு கைகுலுக்குவார்கள். மூன்றாம் நாளில் அவை எதுவும் கிடையாது. முப்பது அணிகளின் அலுவலர்களும் ஒரே தொலைபேசி இணைப்பில் சேர்ந்துகொண்டு, 11ஆம் சுற்றில் தொடங்கி 40ஆம் சுற்று வரை (ஒரு சுற்றில் ஒவ்வோர் அணிக்கும் ஒரு பெயர்), பெயர், ஆடும் இடம், படித்த கல்லூரி, ஊர் என்று முறை வைத்து வாசித்துக்கொண்டே போவார்கள். ஒரு பெயருக்கும் அடுத்த பெயருக்கும் நடுவே மூச்சு விடும் நேரம்தான் இருக்கும். கவனம் ஒரு நொடி பிசகினால் ஒருவனுடைய வாழ்க்கை கடந்து போய்விடும்.

பக்கத்து வீட்டு மூத்த மகன், எங்களுக்குப் பெரியவன், அன்று அதிகம் பேசவில்லை. அவன் ஒரு சிறிய கல்லூரியில் நான்கு ஆண்டுகள் ஆடிய பிட்சர், அதாவது பந்து வீசுபவன். பந்தில் வேகம் குறைவு, துல்லியம் அதிகம். முப்பதாவது சுற்று தாண்டியதும் அவனுடைய தந்தை எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். 33ஆவது சுற்றில் மேசைமேல் இருந்த கைப்பேசி அதிர்ந்தது. அவன் எடுத்துக் கேட்டு, ‘சரி’ என்ற ஒரு சொல்லைச் சொல்லி வைத்த அடுத்த நிமிடத்தில், கணினியில் யாரோ ஒருவருடைய களைத்த குரல் அவன் பெயரை வாசித்தது; குடும்பப் பெயரைச் சற்றுத் தவறாகவே உச்சரித்தது. அவனுடைய தாய் பாத்திரம் கழுவும் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். குழாய் திறந்தபடியே கிடந்தது.

ஐபிஎல் ஏலத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த ஏற்பாடு சற்று விசித்திரமாகத் தோன்றும். ஏலத்தில் ஓர் ஆட்டக்காரரை இரண்டு அணிகள் விரும்பினால் விலை ஏறும். அந்த ஏற்றம் ஆட்டக்காரருக்குப் போய்ச் சேரும். டிராஃப்டில் விலைப் போட்டி என்பதே இல்லை. அணிகள் வரிசையாக வந்து ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும். தேர்ந்தெடுக்கப்பட்டவர் அந்த ஓர் அணியோடு மட்டுமே பேரம் பேசலாம். தொகை பிடிக்கவில்லையென்றால் படிப்பைத் தொடர்ந்துவிட்டோ லீகுக்கு வெளியே ஆடிவிட்டோ வேறோர் ஆண்டில் மீண்டும் வரலாம்; அதைத் தவிர வேறு வழியில்லை. ஐபிஎல் தொடங்கிய 2008இல், பத்தொன்பது வயதுக்கு உட்பட்டோருக்கு மட்டும் இதே முறையில் ஒரு டிராஃப்ட் நடந்தது என்பதைப் பலர் மறந்திருக்கக்கூடும். முதல் வாய்ப்பைப் பெற்ற தில்லி அணி, தன் ஊர்ப் பையனான விராட் கோலியை விட்டுவிட்டு பிரதீப் சங்வானை எடுத்தது. கோலி பெங்களூருக்குப் போனார். வரிசையில் முதலில் நிற்பதும் சரியாகத் தேர்ந்தெடுப்பதும் வெவ்வேறு என்பதற்கு நம் பக்கத்திலேயே இருக்கும் சான்று அது.

பேஸ்பாலில் இந்த முறை வந்தது 1965இல். அதற்கு முன்பு எந்த இளைஞரையும் எந்த அணியும் பணம் கொடுத்து வளைத்துப்போடலாம் என்ற நிலை இருந்தது. 1964இல் விஸ்கான்சின் பல்கலைக்கழக மாணவரான ரிக் ரைகார்ட் என்பவரைப் பெற அணிகள் முட்டி மோதியதில், லாஸ் ஏஞ்சலிஸ் ஏஞ்சல்ஸ் அவருக்கு 2,05,000 டாலர் கொடுத்தது. உரிமையாளர்கள் கலங்கிப்போனார்கள். மறு ஆண்டு ஜூனில் நியூயார்க்கில் முதல் டிராஃப்ட் கூடியது. முந்தைய பருவத்தில் கடைசியில் நின்ற அணிகளுக்கு முதல் வாய்ப்பு என்ற விதியோடு. கான்சஸ் சிட்டி அத்லெட்டிக்ஸ் அணி அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ரிக் மன்டேயை முதலாவதாக எடுத்தது. அவருக்குக் கிடைத்தது ஏறத்தாழ ஒரு லட்சம் டாலர், அதாவது ஓராண்டுக்கு முன் ரைகார்ட் பெற்றதில் பாதி. நலிந்த அணிகளைத் தூக்கிவிடவே டிராஃப்ட் என்று சொல்லப்படுவது பொய்யில்லை. ஆனால் இளைஞர்களின் விலையைக் கட்டுக்குள் வைப்பதும் அதன் நோக்கம்தான். அந்த நோக்கம் முதல் ஆண்டிலேயே நிறைவேறியது.

அதே முதல் டிராஃப்டில்தான் இன்னொன்றும் வெளிப்பட்டது. நியூயார்க் மெட்ஸ் அணி 12ஆவது சுற்றில், 295ஆவது பெயராக, டெக்சஸ் மாநிலத்து மெலிந்த பள்ளிச் சிறுவன் ஒருவனை எடுத்தது. அவன் பெயர் நோலன் ரயன். பின்னாளில் 5,714 பேரை ஸ்டிரைக்அவுட் செய்து, அதாவது பந்தை அடிக்கவிடாமலேயே ஆட்டமிழக்கச் செய்து, இன்றுவரை எவரும் நெருங்காத சாதனையைப் படைத்த பிட்சர். அவருக்கு முன்னே நின்ற 294 பேரைத்தான் ஸ்கவுட்டுகள், அதாவது அணிகளுக்காக ஆட்டக்காரர்களைத் தேடித் திரிகிறவர்கள், அவரைவிட மேலாக எண்ணினார்கள். மறு ஆண்டு, 1966இல், அதே மெட்ஸ் அணிக்கு முதல் வாய்ப்பே கிடைத்தது. அது ஸ்டீவ் சில்காட் என்ற கேட்சரை, அதாவது பிட்சர் வீசும் பந்தைப் பிடிப்பவரை, எடுத்தது. அடுத்த அணி ரெஜி ஜாக்சனை எடுத்துக்கொண்டது. ஜாக்சன் 563 ஹோம் ரன்கள் (கிரிக்கெட்டின் சிக்ஸர் போன்ற அடி) அடித்து, பேஸ்பாலின் மிகச் சிறந்தவர்களுக்கான புகழ் மண்டபத்துக்குள் போனார். சில்காட் தோள்பட்டைக் காயத்தால் முடங்கி, மேஜர் லீகில் ஓர் ஆட்டம்கூட ஆடாமலேயே விலகினார்.

இதை ஸ்கவுட்டுகளின் மேல் குற்றமாக நான் சொல்லவில்லை. பதினெட்டு வயதுப் பையனின் தோளும் முழங்கையும் பத்தாண்டு கழித்து என்ன நிலையில் இருக்கும் என்று யாரால் சொல்ல முடியும்? மைக் டிரவுட் எங்கள் மாநிலத்தின் தெற்கிலுள்ள மில்வில் என்ற ஊரைச் சேர்ந்தவர். 2009 டிராஃப்ட் எங்கள் மாநிலத்தின் சீகாக்கஸ் நகரத் தொலைக்காட்சி அரங்கில் நடந்தபோது, நேரில் வந்திருந்த ஒரே ஆட்டக்காரர் அவர்தான். ஒவ்வோர் அணியாக வேறு பெயரைச் சொல்லச் சொல்ல அந்த இளைஞர் அரங்கிலேயே காத்திருந்தார். 25ஆவது பெயராகத்தான் அவரை ஏஞ்சல்ஸ் எடுத்தது. நம் தலைமுறையின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்று சொல்லப்படுகிறவரை, அவர் கண்ணெதிரே இருந்தும், அத்தனை அணிகள் கடந்து போயின. நியூ ஜெர்சியின் குளிரில் பள்ளிப் பருவம் குறுகியது. கலிபோர்னியா, ஃபுளோரிடா பையன்கள்போல் நாளெல்லாம் வெயிலில் ஆடி ஸ்கவுட்டுகளின் கண்ணில் பட இங்குள்ளவர்களுக்கு வாய்ப்புக் குறைவு.

நான் சொல்ல வந்தது கடைசிச் சுற்றுகளைப் பற்றி. தேர்ந்தெடுக்கிறவர்களுக்குத் தாங்கள் தவறக்கூடும் என்ற எண்ணம் இருந்ததற்கு அடையாளமாக இந்த டிராஃப்டில் ஓர் இடம் இருந்ததென்றால், அது அந்தச் சுற்றுகள்தான். அந்த இடத்தை இப்போது அடைத்துவிட்டார்கள். அது எனக்கு ஆறவே இல்லை.

பெரியவன் பெயர் வாசிக்கப்பட்ட அதே கோடையில், ஜூலை 24 அன்று, கூப்பர்ஸ்டவுனில் பேஸ்பால் புகழ் மண்டப விழா நடந்தது. பக்கத்து வீட்டுத் தந்தையோடு உட்கார்ந்து அதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். அன்று மேடையில் இரண்டு ஆட்டக்காரர்கள். ஒருவர் கென் கிரிஃபி ஜூனியர். 1987 டிராஃப்டில் சியாட்டில் மரினர்ஸ் முதலாவதாக எடுத்தவர், முதலிடத்தில் தேர்வான ஒருவர் புகழ் மண்டபத்தில் நுழைந்தது அதுவே முதல் முறை. மற்றவர் மைக் பியாட்சா. 1988 டிராஃப்டில் 62ஆவது சுற்றில், 1,390ஆவது பெயராக எடுக்கப்பட்டவர்; அப்போது சுற்றுகள் நாற்பதோடு நிற்கவில்லை. புகழ் மண்டபத்தில் இருப்பவர்களில் அவ்வளவு பின்னால் தேர்வானவர் வேறு யாரும் இல்லை. வரிசையின் தலையும் வாலும் ஒரே மேடையில் அடுத்தடுத்து நின்றன.

பியாட்சா எங்களுக்கு ஆற்றின் அக்கரையான பென்சில்வேனியாக்காரர். அவருடைய தந்தையும் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் மேலாளர் டாமி லசோர்டாவும் நாரிஸ்டவுனில் ஒன்றாக வளர்ந்த நண்பர்கள். பையனை யாரும் எடுக்கவில்லை என்பதற்காக, லசோர்டாவின் முகத்துக்காக டாட்ஜர்ஸ் அவரை எடுத்து வைத்தது. எடுத்த பிறகும் பல வாரங்கள் ஒப்பந்தம் பேச யாரும் வரவில்லை. அவர் களத்தில் நின்று ஆடிய முதல் பேஸ் என்ற இடத்தில் பெரிய எதிர்காலம் இல்லை என்று லசோர்டா அவரைக் கேட்சராக மாற்றச் சொன்னார். அவர் டொமினிக்கன் குடியரசில் டாட்ஜர்ஸ் நடத்திய பயிற்சிக் கூடத்துக்குப் போய், மொழி தெரியாத இடத்தில், முட்டி மடக்கி உட்கார்ந்து பந்து பிடிக்கப் படித்தார். 1993இல் ஆண்டின் சிறந்த புதுமுகம் என்ற விருது அவருக்கு ஒருமனதாகக் கிடைத்தது. கேட்சராக நின்று அவர் அடித்த ஹோம் ரன்கள் மட்டும் 396. இதில் சிபாரிசு இருந்தது, மறைப்பதற்கில்லை. ஆனால் சிபாரிசு அவருக்கு வாங்கிக் கொடுத்தது ஒரு சீட்டு மட்டுமே. அந்தச் சீட்டைக் கொடுப்பதற்கு 62ஆவது சுற்று என்ற ஒன்று இருக்க வேண்டியிருந்தது.

38ஆவது சுற்றின் கதையும் எனக்குப் பிடிக்கும். 1998இல் சிகாகோ வைட் சாக்ஸ் அந்தச் சுற்றில் மார்க் பியூர்லி என்ற பிட்சரை எடுத்தது. பள்ளி அணியிலேயே ஒருமுறை இடம் கிடைக்காமல் போனவர் அவர். அக்காலத்தில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது: கடைசிச் சுற்றில் எடுத்த பையனை இரண்டாண்டுக் கல்லூரியில் இன்னும் ஓராண்டு ஆடவிட்டு, அவன் வளர்ச்சியைப் பார்த்து, அடுத்த டிராஃப்டுக்குச் சற்று முன்பு ஒப்பந்தம் செய்யலாம். நியூயார்க் யாங்கீஸ் அணியின் தூண்களாக இருந்த ஆண்டி பெட்டிட்டும் ஜார்ஜ் போசாடாவும் அப்படி வந்தவர்களே. முன்னவர் 22ஆவது சுற்று, பின்னவர் 24. பியூர்லியும் அப்படித்தான் வந்தார். 2009 ஜூலை 23 அன்று டாம்பா பே அணிக்காக அடிக்க வந்த இருபத்தேழு முறையும், ஒருவர்கூட ஓடிச் சேர வேண்டிய பேஸை எட்டாமல் அவர் திருப்பி அனுப்பினார். ஒன்பதாவது இன்னிங்ஸில் வேலிக்கு மேலே போன பந்தை அவருடைய அணியின் டிவெய்ன் வைஸ் சுவரில் ஏறிப் பறித்து, கையுறையிலிருந்து நழுவியதை வெறுங்கையால் மீண்டும் பிடித்ததை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை.

அதே 38ஆவது சுற்றில் 2018இல் கொலராடோ ராக்கீஸ் ஒரு பெயரை வாசித்தது: குமார் ராக்கர். தாய்வழியில் இந்தியக் குடும்பம் என்பதால் அந்தப் பெயர் நம்மவர்கள் காதில் உடனே விழும். அவர் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்குப் போகப்போகிறார் என்பது அனைவருக்கும் தெரியும். எடுத்துத்தான் பார்ப்போமே என்று எடுத்தார்கள். அவர் கல்லூரிக்கே போனார். முதலாம் ஆண்டிலேயே டியூக் பல்கலைக்கழக அணிக்கு எதிராக 19 பேரை ஸ்டிரைக்அவுட் செய்து, எதிரணி அடித்து ஓடிப் பேஸைச் சேரும் ஹிட் ஒன்றுகூடக் கொடுக்காமல் ஆட்டத்தை முடித்தார். பிறகு நடந்தது வேதனை. 2021இல் மெட்ஸ் அவரை 10ஆவதாக எடுத்தது. மருத்துவப் பரிசோதனைக்குப் பின் ஒப்பந்தத்திலிருந்து பின்வாங்கியது. வேறு எந்த அணியோடும் பேச விதி இடம் கொடுக்காததால் அந்த ஆண்டு அவருக்கு வீணானது. மறு ஆண்டு லீகுக்கு வெளியே ஒரு தனி அணியில் ஆடிக் காட்டி, டிராஃப்டின் மூன்றாவது பெயராக டெக்சஸ் ரேஞ்சர்ஸால் தேர்ந்தெடுக்கப்பட்டு, முழங்கை அறுவைச் சிகிச்சையையும் தாண்டி, 2024 செப்டம்பரில் மேஜர் லீகில் இறங்கினார். தேர்ந்தெடுக்கப்படுவதற்கு ஓர் அணி, பேரம் பேசுவதற்கும் அதே ஓர் அணி என்ற விதி எவ்வளவு கடுமையானது என்பது இத்தகைய தருணங்களில்தான் உறைக்கிறது.

எங்கள் பெரியவனிடம் வருகிறேன். 33ஆவது சுற்றுக்கு அவனுக்குக் கிடைத்த ஒப்பந்தப் பணம் ஒரு பழைய கார் வாங்கப் போதுமானது, அதைத்தான் வாங்கினான். மேஜர் லீகுக்குக் கீழே இளம் ஆட்டக்காரர்கள் தேறும் மைனர் லீகுகளில் ஒன்றான நியூயார்க்-பென் லீகில் இரண்டு கோடைகள் ஆடினான். 1939இல் தொடங்கிய அந்த லீகில், வெயில் காலத்தில் மட்டும் இரண்டரை மாதம் ஆட்டம். சிற்றூர் மைதானம், இரவெல்லாம் பேருந்துப் பயணம், ஒரு குடும்பத்தின் மாடியறையில் இலவசத் தங்கல். ஒருமுறை அவனைப் பார்க்க நான்கு மணி நேரம் காரோட்டிப் போயிருந்தோம். ஏழாவது இன்னிங்ஸில் அவன் வந்து ஒன்பது பந்துகள் வீசினான். ஆட்டம் முடிந்ததும் வேலியோரம் ஒரு சிறுமி பேனாவை நீட்டினாள். அவன் பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எந்த இடத்தில் கையெழுத்துப் போடுவது என்று தெரியாமல், தையலுக்கு நடுவே மிகச் சிறியதாகத் தன் பெயரை எழுதிக் கொடுத்தான். இரண்டாம் ஆண்டுக்குப் பின் அணி அவனை விடுவித்தது. இப்போது ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். அந்த இரண்டு கோடைகளைப் பற்றி அவன் வருத்தத்தோடு பேசி நான் கேட்டதில்லை.

அந்த லீக் இன்று இல்லை. 2020இல் கொரோனாவைக் காரணம் காட்டி, டிராஃப்டை ஐந்தே சுற்றுகளுக்குச் சுருக்கினார்கள். மொத்தம் 160 பெயர்கள். எடுக்கப்படாதவர்களுக்கு அதிகபட்சமாக 20,000 டாலர்தான் கொடுக்கலாம் என்றும் விதித்தார்கள். அந்த ஆண்டை நான் குறை சொல்லமாட்டேன், உலகமே நின்றிருந்தது. ஆனால் கொரோனா போன பிறகும் பழைய நாற்பது சுற்றுகள் திரும்பி வரவில்லை. 2021 முதல் இருபது சுற்றுகள்தான். கூடவே, மேஜர் லீக் அணிகளோடு இணைந்த மைனர் லீக் அணிகளின் எண்ணிக்கையை 120 ஆக வெட்டினார்கள். நாற்பதுக்கும் மேற்பட்ட ஊர்கள் தங்கள் அணியை இழந்தன. டெலவேர் ஆற்றங்கரையில் உள்ள எங்கள் டிரென்டன் மைதானத்துக்கு யாங்கீஸின் இளம் ஆட்டக்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள். இப்போது அங்கே ஆடுவது டிராஃப்டுக்காகக் காத்திருக்கும் கல்லூரிப் பையன்களுக்கென்று புதிதாக அமைத்த லீகின் அணி. ஆட வைக்க இடமில்லாதபோது எதற்கு நாற்பது சுற்று என்பது அவர்கள் தரப்பு நியாயம். அந்த இடத்தை இல்லாமல் ஆக்கியதும் அவர்களேதான்.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பெரியவன் ஆடிய காலத்தில் அந்த நிலை ஆட்டக்காரர்களின் ஊதியம் மிகவும் சொற்பம். 2021க்கு முன்பு வாரம் 290 டாலர், அதுவும் பருவம் நடக்கும் வாரங்களுக்கு மட்டும். 2022இல் மைனர் லீக் ஆட்டக்காரர்கள் சங்கத்தில் சேர்ந்து, மறு ஆண்டு கண்ட உடன்பாட்டில் மிகக் கீழ் நிலையில் உள்ளவருக்கே ஆண்டுக்கு 19,800 டாலர் என்று உயர்த்தினார்கள். தங்குமிடமும் அணியின் பொறுப்பாயிற்று. இது வெகு காலத்துக்கு முன்பே வந்திருக்க வேண்டிய நீதி. குறைவான பேரை எடுத்து நன்றாக வைத்துக்கொள்வது, நிறையப் பேரை எடுத்து அரை வயிற்றோடு அலைய விடுவதைவிட மேல் என்று வாதிடுகிறவர்களை நான் மதிக்கிறேன். கடைசிச் சுற்றுகளில் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் மேஜர் லீகைத் தொட்டதே இல்லை என்பதும் உண்மை. எடுக்கப்படாதவர் தனக்குப் பிடித்த அணியோடு தானே பேசி ஒப்பந்தம் செய்துகொள்ளலாம், அது ஒரு வகைச் சுதந்திரம்தானே என்றும் கேட்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சுதந்திரம் ஏற்கெனவே அணிகள் தேடி வருகிற சிலருக்கு உதவும். பெயர் வாசிக்கப்பட்டால்தான் தன்னை யாரோ பார்த்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்கிற சின்ன ஊர்ப் பையனுக்கு உதவாது. நல்ல ஊதியமும் நிறையச் சுற்றுகளும் ஒன்றையொன்று விரட்ட வேண்டியவை அல்ல. ஒரு முதல் சுற்று ஆட்டக்காரரின் ஒப்பந்தப் பணம் பல லட்சம் டாலர்களில் போகிறது. 2023இல் பிட்ஸ்பர்க் முதலாவதாக எடுத்த பால் ஸ்கீன்ஸ் பெற்றது 92 லட்சம் டாலர். அவர் அதற்கு முழுத் தகுதி உடையவர். நான் கேட்பது மற்றவர்களுக்கான சில்லறையை.

பக்கத்து வீட்டில் சின்னவன் ஒருவன் இருக்கிறான். இடது கைப் பிட்சர். அண்ணனைவிட வேகமாக வீசுவான். வண்டி நிறுத்தும் கூடத்தின் கதவில் வெள்ளைப் பட்டை ஒட்டி ஒரு சதுரம் செய்து, மாலை முழுவதும் அதற்குள் பந்தை அடித்துக்கொண்டிருப்பான். எங்கள் வீட்டுச் சன்னலில் அந்தச் சத்தம் கேட்காத கோடை இல்லை. 2020 மார்ச்சில் அவனுடைய கல்லூரிப் பருவம் நடுவில் நின்றது. அந்த ஐந்து சுற்று டிராஃப்டில் அவனுக்கு இடமிருக்க வாய்ப்பே இல்லை. வேறொரு கல்லூரிக்கு மாறி இரண்டு ஆண்டுகள் ஆடினான்.

2022 ஜூலை 19, செவ்வாய்க்கிழமை. டிராஃப்டின் மூன்றாம் நாள். அதே சமையலறை, வேறொரு மடிக்கணினி. இம்முறை அண்ணன்தான் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்து, எந்தெந்த அணி எத்தனை இடது கைப் பிட்சர்களை எடுத்திருக்கிறது என்று கோடு போட்டுக்கொண்டிருந்தான். இரண்டு ஸ்கவுட்டுகள் சின்னவனிடம் முந்தைய வாரம் பேசியிருந்தார்கள். அவன் கைப்பேசி மேசைமேல், முகம் மேலே பார்த்தபடி, கிடந்தது. பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது. பெயர்கள் ஓடின. இருபதாவது சுற்றின் கடைசிப் பெயரும் வாசிக்கப்பட்டு, நன்றி சொல்லும் குரல் வந்து, ஒலி நின்றது. அண்ணன் பென்சிலைக் கீழே வைத்தான். சின்னவன் யாரையும் பார்க்காமல், அண்ணனுடைய ஆண்டில் இந்நேரம் பாதிதான் முடிந்திருக்கும் என்றான்.

அதன் பின்னும் வெகுநேரம் யாரும் கணினியை மூடவில்லை.